அடைமழையில் பேய்க்கதை படிப்போம்: வாசிப்பு வட்டத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வாசிப்பு வட்டங்களில் கூடும் தோழர்களே, தோழியரே,

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பேய்க்கதைகளும் மர்ம நாவல்களும் படிப்பது, ஆளுக்கு நான்கு புத்தகமாவது முடிப்பது, சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசுவது என்றொரு யோசனையை முன்வைத்தேன். மேலைநாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும், அக்டோபர் 31 ஹாலோவீன் வரை, இப்படி ஒரு வாசிப்புச் சவாலை நண்பர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. அடைமழைக் காலம் இருக்கிறது. இளையவர்கள் பலர் சரி என்றார்கள். மூத்த தோழர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அறிவொளி இயக்கம் நடந்த மாவட்டத்தில் பேய்க்கதையா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நின்றபடியே பதில் சொல்லிவிட்டுப் போகக்கூடியதும் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுக்கப்பட்டது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்குப் போன பெண்கள், தாவணி போட்ட பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் மிதித்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றதும், நாடெங்கும் அது பேசப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளை வெளியே போகக்கூடாது என்பதற்கு ஊரில் சொல்லப்பட்ட காரணங்களில் முனியும் காத்துக்கருப்பும் முதல் வரிசையில் இருந்தன. கண்மாய்க்கரைப் புளியமரத்தைத் தாண்ட ஆண்களே தயங்கிய காலம் அது. இரவு வகுப்புக்கு வந்த பெண்கள் அந்தப் பயத்தைத் தாண்டித்தான் வந்தார்கள். அந்த வரலாற்றை மதிக்கிறவர்கள் பேய் என்ற சொல்லைக் கேட்டதும் எரிச்சலடைவது எனக்குப் புரிகிறது.

அவர்களுடைய கவலைக்கு இன்னும் வலுவான காரணமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநலம் குன்றியோருக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து இறந்தார்கள். பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று நம்பி நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பேய்க்கதை படிக்கச் சொல்கிறேன். தெரிந்ததனால்தான் சொல்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

பேய் இருக்கிறது என்று சொல்வது வேறு, பேயை வைத்துக் கதை சொல்வது வேறு. முதலாவது, கேட்கிறவனின் வாயை அடைக்கிறது. நல்ல கதையோ கேள்வி கேட்க வைக்கிறது. இந்த ஆவி யாருடையது? எப்படிச் செத்தாள்? கொன்றவன் யார்? ஊரார் ஏன் வாய் திறக்கவில்லை? உலகத்தின் சிறந்த பேய்க்கதைகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் தீர்க்கப்படாத ஒரு வழக்கு உள்ளே கிடக்கும். உயிரோடிருந்தபோது நியாயம் கிடைக்காதவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

இதற்கு லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. பழையனூர் நீலியின் கதை போதும். கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பேயுருவில் தொடர்ந்து வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னைக் கைவிடுகிறார்” என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். எழுபது வேளாளர்கள் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறியதற்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள். வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகத்தான் இந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. எனக்கோ இதில் வேறொரு பொருள் தெரிகிறது. ஒரு பெண் கொலைசெய்யப்பட்டபோது எந்தச் சபையும் கூடவில்லை. அவள் பேயாகி வந்து பொய் சொன்ன பிறகுதான் சபை கூடியது. இதை விவாதிக்க ஒரு சனிக்கிழமை போதுமா?

மணிமேகலையில் ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’யை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் இந்த மழையில் படியுங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டை அவ்வளவு நெருக்கமாக, முகத்தைத் திருப்பாமல் காட்டிய பகுதி தமிழில் குறைவு. சுடுவது, இடுவது, தாழியில் கவிப்பது என்று பிணம் அடக்கும் முறைகளைக்கூட வகைப்படுத்துகிறது. அங்கே தனியாக வழிதவறிப் போன சார்ங்கலன் என்ற சிறுவன், வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அரண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமை மகனுடைய உடலைச் சுமந்துகொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் சண்டையிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா என்று மன்றாடுகிறாள். போன உயிரைத் திருப்பித் தரும் ஆற்றல் எந்தத் தெய்வத்துக்கும் இல்லை என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் பதில். பேயில் தொடங்கி இறப்பின் உண்மையில் முடிகிற இந்தக் காதையில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது?

தாழி என்றதும் நமக்குச் சித்தன்னவாசல் நினைவுக்கு வரவேண்டும். ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் சாலையோரப் பொட்டல்களில் கிடக்கும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் கவனிப்பதில்லை. முதுமக்கள் தாழிகளும் கற்பதுக்கைகளும் நம் மாவட்டத்தில் பரவலாகக் கிடைத்திருக்கின்றன. மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் இடம் மட்டும் சற்றே உயர்த்திச் செதுக்கியிருக்கும். கல்லைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி போல வழுவழுப்பு. இறந்தவர்களின் பக்கத்திலேயே நாம் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அதைப் பற்றிப் பேச நமக்கு ஒரு மொழி வேண்டாமா?

கலிங்கத்துப்பரணியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். போர் வெற்றியைப் பாடும் நூல் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நூலின் பாதிக்குமேல் பேய்களும் காளியும்தான். பேய்களுக்குப் பசி. காளியிடம் முறையிடுகின்றன. கடைசியில் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைக்கும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறார்கள். செயங்கொண்டார் குலோத்துங்கனைப் புகழத்தான் பாடினார். ஆனாலும் அந்தப் பந்தியில் போரின் உண்மையான விலை தெரிந்துவிடுகிறது. வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு அந்தப் பேய்களின் பசி அந்நியமானதே இல்லை.

ஆங்கிலத்தில் ‘கோதிக்’ என்று அழைக்கப்படும் நாவல் வகை 1764-இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘ஓட்ரான்டோ கோட்டை’யில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பாழடைந்த கோட்டை, நிலவறை, பரம்பரைச் சாபம் எல்லாம் அதில் உண்டு. நாவலாக அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதைத் தொடர்ந்து வந்த பெண்கள்தான் இந்த வகைக்கு உயிர் கொடுத்தார்கள் என்பது என் கருத்து. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வானத்தை மூட, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் அடைந்திருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று தங்களுக்குள் சவால் விட்டுக்கொண்டார்கள். பைரன், ஷெல்லி இருவரும் கவிஞர்கள். பைரன் ஏற்கெனவே பேர்பெற்றவர். நிலைத்து நின்றதோ 18 வயது மேரி ஷெல்லி எழுதத் தொடங்கி 1818-இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’. முதல் பதிப்பில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. அடைமழைச் சவாலில் பிறந்த புத்தகம் அது என்பதை மூத்த தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் ஏன் இந்த வகையைக் கையில் எடுத்தார்கள்? வீடு பயங்கரமான இடமாக இருக்க முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. 1847-இல் சார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் அயர்’ நாவலில் இரவில் மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். பேய் இல்லை. வீட்டு எஜமான் பூட்டி வைத்திருக்கும் முதல் மனைவி. ஜமைக்காவில் பிறந்தவள், பெரும் சீதனத்தோடு வந்தவள். அந்த மாளிகையின் செல்வத்தில் அவளுடைய பணமும் கலந்திருக்கிறது. 1966-இல் ஜீன் ரீஸ் அவள் தரப்பிலிருந்து தனி நாவலே எழுதினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ராயவரத்துக்கும் கோனாபட்டுக்கும் அரிமளத்துக்கும் போய்விடுகிறது. செட்டிநாடு என்றால் காரைக்குடி என்று மற்றவர்கள் நினைக்கலாம், நம் மாவட்டத்துக்குள் எத்தனை நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். தலைவாசல் நிலையில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் சின்னதாகத் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்கள், நூறு வருடம் கழித்தும் கைவைத்தால் குளிர்ச்சி. வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை என்று மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த அறைகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வௌவால் இருக்கிறது. சில குடும்பங்களில் படைப்பு நடக்கும் நாளில் மட்டும் வீடு திறக்கும். வாழ்ந்து மறைந்தவர்களுக்குச் சேலை வைத்து, சமைத்துப் படைத்து, மறுபடி பூட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தத் தேக்குக்கும் ஒரு கதை உண்டு. பர்மாவில் வட்டிக்கடை வைத்த செட்டியார்களிடம், 1930-களின் பொருளாதார மந்தத்தில், கடனுக்கு ஈடாகக் கீழ்பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் கோபம் வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினார்கள், வழியில் எத்தனையோ பேர் மாண்டார்கள். கணவன்மார் தவணை தவணையாகக் கடல் கடந்து போய்விட, இந்த வீடுகளை வருடக்கணக்கில் கட்டிக்காத்தவர்கள் பெண்கள். இழந்த வயல், திரும்பாத கணவன், பூட்டிய அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் தரையோட்டின் அழகைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீட்டைப் பற்றி எழுதப்பட வேண்டிய பெரிய நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். நம் வட்டத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். ‘ஜேன் அயர்’ படித்துவிட்டுக் கோனாபட்டுத் தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள்.

தமிழ் உரைநடைக்கு வருகிறேன். புதுமைப்பித்தனைப் படித்த யாரும் அவரை மூடநம்பிக்கை பரப்பியவர் என்று சொல்லத் துணியமாட்டார்கள். அவர்தான் 1943-இல் ‘காஞ்சனை’யை எழுதினார். ‘செவ்வாய் தோஷம்’ என்று ரத்தக்காட்டேரிக் கதை எழுதியதும், பிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவரே. காஞ்சனையில் பிச்சை கேட்டு வந்தவள் வேலைக்காரியாக வீட்டுக்குள் நுழைகிறாள். இரவில் எங்கிருந்தோ ஒரு வாடை. மனைவியின் கழுத்தில் ஒரு துளி ரத்தம். கதை சொல்கிறவன் படித்தவன், எழுத்தாளன், எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிறவன். கடைசிவரை அவனால் தீர்மானிக்க முடியவில்லை. நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவன் நிற்கும் அந்த இடத்தில் நம்மையும் நிறுத்துகிறார் புதுமைப்பித்தன். பகுத்தறிவு என்பது பயமே வராத நிலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கதையை அவசியம் படிக்க வேண்டும். பயம் வரும். வந்த பிறகும் யோசிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

வெகுஜன நாவல்களை ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பி.டி.சாமியின் பேய் நாவல்கள் இலக்கியத் தரத்தில் மெலிந்தவைதான். வாடகை நூலகங்களில் அவற்றை எடுத்துப் படித்துப் படிக்கும் பழக்கத்துக்கு வந்தவர்கள் இன்று வேறு எவ்வளவோ படிக்கிறார்கள். 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’, ‘விடாது கருப்பு’ என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது தெருவே அடங்கிப்போகும். குதிரையில் வரும் கருப்பசாமியை அது உளவியலுக்கு எதிரே நிறுத்தியது. அவர் ஆன்மிகச் சார்போடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனாலும் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பெரிய குதிரைக்கு மாசிமகத்தில் காகித மாலை சாத்தும் மக்களுக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று பேச வேண்டும்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ என் முதல் பரிந்துரைகளில் ஒன்று. பழைய மாளிகை, சொத்துக்கு வாரிசான இளம்பெண், சித்தப்பா, இரவில் தோன்றும் உருவம் என்று கோதிக் நாவலின் எல்லாப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு, கணேஷையும் வசந்தையும் உள்ளே அனுப்பி, பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை நம்மை அலைக்கழிக்கிறார். ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ வேறு தளம். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் கடம்பூர் மாளிகைப் பகுதியை மட்டும் மீண்டும் எடுங்கள். பாடம் செய்த விலங்குகள் நிற்கும் வேட்டை மண்டபம், இரகசிய வழி, கொன்ற ஒருவனின் நினைவால் ஆட்டிவைக்கப்படும் ஆதித்த கரிகாலன். கல்கி அந்த அத்தியாயங்களில் எழுதியிருப்பது அசல் கோதிக். கையோடு நம் கொடும்பாளூருக்குப் போய் மூவர்கோயிலைப் பார்க்கலாம். மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் கிடக்கிறது.

நான் வேண்டாம் என்று சொல்பவையும் உண்டு. பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணைச் சாட்டையால் அடிப்பதைக் காட்சிப்பொருளாக்கும் கதைகள், மனநோயைச் செய்வினை என்று சாதிக்கும் கதைகள், மந்திரவாதியைக் கதாநாயகனாக்கும் கதைகள். அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறவர்களோடு நான் வாதாடுவேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த மாதங்களில் அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள் போதும். கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம்மைப் புரட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இருட்டில் திண்ணைகளில் கூடியவர்கள் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதைதான் சொன்னார்கள். வீட்டுக் கூரை போயிருந்தது, மரம் போயிருந்தது. ஆனாலும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தாக்கள் கொள்ளிவாய்ப் பேயைப் பற்றிச் சொல்ல, பிள்ளைகள் நடுங்கியபடியே இன்னொன்று சொல்லு என்றன. உண்மையான இழப்பைத் தாங்குவதற்கு அந்தக் கற்பனைப் பயம் அவர்களுக்கு உதவியது என்றே நான் நம்புகிறேன். அந்த ஆத்தாக்களின் கதைகளில் பல இன்னும் எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஒரு பேய்க்கதையையாவது சொன்னவரின் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பதையும் சவாலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மரம், எந்தக் கிணறு, செத்தது யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கேட்டு எழுதுங்கள். கிணற்றில் விழுந்த பெண்கள் எத்தனை பேர் உண்மையிலேயே தாமாக விழுந்தார்கள் என்ற கேள்வி அப்போது தானே எழும்.

புத்தகங்கள் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிளை நூலகங்களில் சுஜாதாவும் கல்கியும் கிடைப்பார்கள். பழைய பதிப்புகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயாவுக்குப் போகலாம். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் இருக்கும் அந்த இடம் நம் மாவட்டத்தில் இருப்பது நமக்குப் பெரும் பேறு. ஆங்கிலம் படிக்கிறவர்கள் ஒரு நாவலைப் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும்.

மூத்த தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எதிர்ப்பவர்களாகவே வாருங்கள். அறிவொளி நாட்களில் இருட்டைத் தாண்டிய பெண்களைப் பற்றி நீங்கள் சொல்வதையும் இந்த வட்டத்தில் உள்ள பிள்ளைகள் கேட்க வேண்டும். ஐப்பசி முதல் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் ‘காஞ்சனை’யை வாய்விட்டுப் படிக்கிறோம். சிறுகதைதான், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். குடை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெண்களும் மாணவிகளும் வீடு திரும்ப இருவர் மூவராகச் சேர்ந்து போக ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி